சபை பிரிந்தால் சொத்து யாருக்கு?

(நம் குடியிருப்பின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வரும் பொதுக்குழுவில் 'பி' பிளாக்குக்குத் தனிச் சங்கம் வேண்டும் என்ற தீர்மானம் வரவிருக்கிறது. லிஃப்டிலும் வாட்ஸ்அப்பிலும் அதைப் பற்றி வேண்டிய அளவு பேசியாகிவிட்டது. நான் இன்று அதற்கு ஆதரவாகவும் பேசப் போவதில்லை, எதிர்த்தும் பேசப் போவதில்லை. பிரிவதிலும் மறுபடி சேர்வதிலும் ஏறத்தாழ முந்நூறு வருட அனுபவம் உள்ள ஒரு கூட்டத்தாரின் கதையைச் சொல்கிறேன். அவர்கள் பிரஸ்பிட்டேரியன் கிறிஸ்தவர்கள். நான் அந்தச் சமயத்தவன் இல்லை. வங்கி வேலையில் சங்கங்கள், சபைகள், டிரஸ்ட்டுகள் இவற்றின் கணக்குகளைப் பார்த்துப் பார்த்து வந்த ஆர்வம் இது. வேதசாஸ்திரத்தில் யார் சொன்னது சரி என்று நான் சொல்ல மாட்டேன். பெட்டிச் சாவி யாரிடம் போனது என்பதை மட்டும் சொல்கிறேன்.

பிரிவது நமக்கும் புதிதில்லை. தென் ஆற்காடாக இருந்தோம். 1993-இல் விழுப்புரம் ஆனோம். 2019-இல் கள்ளக்குறிச்சி ஆனோம். மொட்டை மாடியில் நின்றால் தெரிகிற கல்வராயன் மலையே ஒரு பக்கம் நம் மாவட்டத்திலும் மறுபக்கம் சேலம் மாவட்டத்திலும் இருக்கிறது. அந்த மலையாளி மக்கள் சொல்லும் பூர்வக் கதையும் பாகம் பிரிந்த கதைதான். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட அண்ணன் தம்பி மூன்று பேர் ஆளுக்கொரு மலையாகப் போய்க் குடியேறினார்கள் என்பார்கள்.

சரி, பிரஸ்பிட்டேரியன் என்றால் என்ன? கிரேக்க மொழியில் மூப்பர் என்பதற்கான சொல்லிலிருந்து வந்த பெயர். 1560-இல் ஸ்காட்லாந்து நாடு போப்பாண்டவரின் ஆட்சியை விட்டு விலகியது. அங்கே ஜான் நாக்ஸ் முதலானவர்கள் தொடங்கிய சபை காலப்போக்கில் பேராயர் இல்லாத சபையாக அமைந்தது. ஒவ்வொரு ஊர்ச் சபைக்கும் மூப்பர்கள் இருப்பார்கள். மூப்பர்களும் போதகரும் சேர்ந்து ஊர்ச் சபையை நடத்துவார்கள். பல ஊர்கள் சேர்ந்தால் ஒரு பிரஸ்பிட்டரி, அதற்கு மேலே சினாட், எல்லாவற்றுக்கும் மேலே ஆண்டுக்கொரு முறை கூடும் பொதுப்பேரவை. நம்முடைய செயற்குழு, பொதுக்குழு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து ஒருவர் உத்தரவு போட்டு முடிக்கிற ஏற்பாடு கிடையாது. எல்லோருக்கும் பேச உரிமை உண்டு. பேச உரிமை உள்ள இடத்தில் எழுந்து வெளியே போகிறவர்களும் இருப்பார்கள்.

முதலில் எழுந்து போனது 1733-இல். ஊர்ச் சபைக்குப் போதகரை யார் நியமிப்பது, பண்ணையாரா, சபை மக்களா என்பதுதான் சண்டை. மக்கள்தான் என்றவர்கள் தனியாகப் போனார்கள். போனவர்கள் 14 வருடத்தில், 1747-இல், தங்களுக்குள் இரண்டானார்கள். சில நகரங்களில் வியாபார உரிமை பெற ஒரு சத்தியப் பிரமாணம் எடுக்க வேண்டும். நாட்டில் வழங்கும் உண்மைச் சமயத்தை ஏற்கிறேன் என்று அதில் ஒரு வரி. அதைச் சொல்லலாம் என்றவர்கள் ஒரு சபை, கூடாது என்றவர்கள் இன்னொரு சபை. பிறகு அந்த இரண்டும் 1799-இலும் 1806-இலும் 'பழைய ஒளி', 'புது ஒளி' என்று ஆளுக்கு இரண்டாக உடைந்தன. ஆக நான்கு. சிரிக்காதீர்கள். மூன்றாம் மாடியில் செருப்பு ஸ்டாண்டு வைக்கலாமா கூடாதா என்று நாம் எத்தனை கூட்டம் போட்டோம் என்பது நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது.

பெரிய பிரிவு வந்தது 1843-இல். மறுபடியும் அதே பண்ணையார் நியமனம்தான். மே 18 அன்று எடின்பரோவில் பொதுப்பேரவை கூடியது. தலைவர் டேவிட் வெல்ஷ் ஒரு ஆட்சேபக் கடிதத்தை வாசித்து மேசைமேல் வைத்துவிட்டு வெளியே நடந்தார். பின்னாலேயே வரிசையாக மற்றவர்களும் போனார்கள். நாட்டிலிருந்த சுமார் 1,200 போதகர்களில் 470-க்கும் மேற்பட்டவர்கள் ராஜினாமாப் பத்திரத்தில் கையெழுத்திட்டார்கள். 'சுதந்திரச் சபை' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள்.

அந்தக் கையெழுத்தின் விலையைக் கவனியுங்கள். ஒவ்வொருவரும் சம்பளத்தை விட்டார்கள், குடியிருந்த வீட்டை விட்டார்கள், ஆலயத்தை விட்டார்கள். இதில் எங்களுக்கும் பங்கு உண்டு என்று யாரும் பூட்டை உடைக்கவில்லை. பல ஊர்களில் நிலச்சுவான்தார்கள் புதிய ஆலயம் கட்ட இடம் கொடுக்கவில்லை. மழையிலும் பனியிலும் வெளியில் நின்று ஆராதனை நடத்தினார்கள். ஸ்ட்ரான்ஷியன் என்ற ஊர்க்காரர்கள் நிலம் கிடைக்காமல் இரும்பில் ஒரு மிதக்கும் ஆலயத்தையே செய்வித்து, 1846-இல் அங்குள்ள கடற்கழியில் நிறுத்தினார்கள். தண்ணீர்மேல் நிற்பதற்குப் பட்டா வேண்டாம் அல்லவா!

பணத்துக்கு என்ன செய்தார்கள்? இது எனக்கு மிகவும் பிடித்த இடம். தாமஸ் சாமர்ஸ் என்ற பெரியவர் பிரிவுக்கு முன்பே திட்டம் போட்டு வைத்திருந்தார். ஏழைகளும் கொடுக்கக்கூடியதாக வாரம் ஒரு பென்னி. ஊர் ஊராக வசூலாகும் பணம் அந்தந்த ஊரிலேயே தங்காது. எல்லாம் ஒரு மத்திய நிதிக்கு வரும். அதிலிருந்து பணக்கார ஊர்ப் போதகருக்கும் மலையோரத்து ஏழை ஊர்ப் போதகருக்கும் சமமான பங்கு போகும். வரவு எங்கிருந்து வரும் என்று கணக்குப் பார்த்துவிட்டு வெளியே போனவர்கள் அவர்கள். அந்தப் பிரிவு நிலைத்ததற்கு நான் இதை ஒரு முக்கியக் காரணமாகச் சொல்வேன்.

இந்தச் சண்டை கப்பலேறி நம் நாட்டுக்கும் வந்தது. சென்னை எழும்பூரில் இருக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆலயத்தைப் பார்த்திருப்பீர்கள், வெள்ளைத் தூண்களும் உயரமான கோபுரமும். 1821-இல் திறக்கப்பட்ட ஸ்காட்லாந்துச் சபை ஆலயம் அது. அந்தச் சபையின் மிஷனரி ஜான் ஆண்டர்சன் 1837 ஏப்ரல் 3 அன்று சென்னையில் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். 1843-இல் இந்தியாவிலிருந்த ஸ்காட்லாந்து மிஷனரிகள் எல்லோரும் சுதந்திரச் சபைப் பக்கம் போனார்கள். ஆண்டர்சனின் பள்ளியும் அவரோடு போனது. அதுதான் பின்னால் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்து, 1937-இல் தாம்பரத்துக்குப் போனது.

கல்கத்தாவில் அலெக்சாண்டர் டஃப் பாடு சங்கடமானது. 1830-இல் அவர் தொடங்கிய கல்விக்கூடத்தின் கட்டடம், நூலகம், ஆய்வுக் கருவிகள் எல்லாம் பழைய சபையின் பெயரில் இருந்தன. அத்தனையையும் விட்டுவிட்டுப் போய் மறுபடி முதலிலிருந்து இன்னொன்றைத் தொடங்கினார். ஒரே ஊரில், ஒரே பாடத்தை, ஒரே நாட்டுக்காரர்கள் இரண்டு கட்டடங்களில் அறுபது வருடத்துக்கு மேல் நடத்தினார்கள். 1908-இல் இரண்டையும் இணைத்து 'ஸ்காட்டிஷ் சர்ச்சஸ் காலேஜ்' என்று பன்மையில் பெயர் வைத்தார்கள். 1929-இல் ஸ்காட்லாந்தில் தாய்ச் சபைகள் ஒன்றான பிறகு பெயர் 'ஸ்காட்டிஷ் சர்ச் காலேஜ்' என்று ஒருமையானது.

இதுவரை பிரிந்த கதை. இனி, சேரப் போய் வினையான கதை.

அந்த நான்கு 'ஒளி'களில் புது ஒளிக்காரர்கள் 1820-இல் ஒன்று சேர்ந்தார்கள். அவர்கள் இன்னொரு சபையுடன் 1847-இல் இணைந்து 'ஐக்கிய பிரஸ்பிட்டேரியன் சபை' ஆனார்கள். 1900-இல் இந்தச் சபையும் 1843-இன் சுதந்திரச் சபையும் இணைய முடிவு செய்தன. சுதந்திரச் சபையின் பேரவையில் ஓட்டெடுப்பு நடந்தது. ஆதரவு 643, எதிர்ப்பு 27. இதைவிட என்ன மெஜாரிட்டி வேண்டும்? நம் சங்கத்தில் பெயிண்ட் நிறத்துக்குக்கூட இப்படி வந்ததில்லை. இணைந்துவிட்டார்கள்.

எதிர்த்தவர்கள் பெரும்பாலும் வடக்கே மலைப்பகுதிக்காரர்கள். "நாங்கள்தான் சுதந்திரச் சபை. நீங்கள் கொள்கையை மாற்றிக்கொண்டு வேறு சபைக்குப் போய்விட்டீர்கள். ஆகவே சொத்து எங்களுடையது" என்று வழக்குப் போட்டார்கள். ஸ்காட்லாந்து நீதிமன்றங்களில் தோற்றார்கள். லண்டனில் பிரபுக்கள் சபைக்கு அப்பீல் போனார்கள். விசாரணை முடிந்து தீர்ப்பு வருவதற்குள் நீதிபதிகளில் ஒருவரான ஷாண்ட் பிரபு காலமானார். மறுபடி விசாரணை. 1904 ஆகஸ்ட் 1 அன்று தீர்ப்பு. ஐந்துக்கு இரண்டு என்ற கணக்கில் சிறுபான்மைக்கு வெற்றி!

காரணம் சுருக்கமானது. ஒரு கொள்கைக்காகக் கொடுக்கப்பட்ட டிரஸ்ட் சொத்து அந்தக் கொள்கையை விடாதவர்களுக்கே சேரும். எத்தனை பேர் கை தூக்கினார்கள் என்பது அதை மாற்றாது. ஆலயங்கள், போதகர் வீடுகள், கல்லூரிகள், நிதிகள் எல்லாம் ஒரே நாளில் அந்தச் சிறு கூட்டத்துக்குச் சொந்தமாயின. வெளிநாட்டு மிஷன் சொத்துகளும் அதில் அடங்கின. அவ்வளவு ஆலயங்களில் பிரசங்கம் செய்ய அவர்களிடம் ஆளே இல்லை. கடைசியில் நாடாளுமன்றம் தலையிட்டு 1905-இல் தனிச் சட்டம் போட்டு, ஒரு ஆணையம் அமைத்து, யாருக்கு எது உபயோகப்படும் என்று பார்த்துப் பங்கிட்டது.

வங்கியில் இருந்தபோது இதையே சிறிய அளவில் பார்த்திருக்கிறேன். ஒரு சங்கத்தில் தகராறு வரும். காலையில் ஒரு தரப்பு புதிய பொருளாளர் பெயரில் தீர்மானம் கொண்டுவரும், மத்தியானம் இன்னொரு தரப்பு வேறு பொருளாளர் பெயரில் கொண்டுவரும். இரண்டிலும் சீல் இருக்கும், கையெழுத்து இருக்கும். மேனேஜர் இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டு கணக்கை நிறுத்திவிடுவார். "கோர்ட் உத்தரவு கொண்டு வாருங்கள்" என்பார். அதற்குப் பிறகு வாட்ச்மேன் சம்பளத்துக்குக்கூட பணம் எடுக்க முடியாது.

அடி வாங்கிய ஸ்காட்லாந்துக்காரர்கள் அடுத்த தடவை எப்படிச் செய்தார்கள் பாருங்கள். 1843 சண்டைக்குக் காரணமான பண்ணையார் நியமனம் 1874-லேயே ஒழிந்துவிட்டது. ஆனால் பழைய சபையும் பிரிந்த சபையும் சேர்ந்தது 1929-இல். காரணம் போய் 55 வருடம் கழித்து! அதற்கு முன் 1921-இல் சபையின் உரிமைகளுக்கு ஒரு சட்டம், 1925-இல் சொத்துகளுக்கு ஒரு சட்டம். பத்திரமெல்லாம் சரியான பிறகுதான் கை குலுக்கினார்கள். அப்போதும் ஒரு சிறு பகுதி சேராமல் தனியே நின்றது. இந்த முறை அது பெரிய சபையைக் கவிழ்க்கவில்லை.

இனி நம் பக்கம் வருவோம். கள்ளக்குறிச்சி, திருக்கோவிலூர் வட்டாரத்தில் நமக்குப் பழக்கமான பெயர் டேனிஷ் மிஷன். திருக்கோவிலூர் டேனிஷ் மிஷன் ஆஸ்பத்திரி உங்களில் பலருக்குத் தெரியும். அது பிரஸ்பிட்டேரியன் அல்ல, லுத்தரன். ஆனால் அதன் பிறப்பிலும் ஒரு பிரிவு உண்டு. ஓக்ஸ் என்ற பாதிரியார் ஜெர்மனியின் லைப்சிக் மிஷனில் இருந்தவர். சபைக்குள் சாதி வேறுபாட்டை மிஷன் பொறுத்துக்கொள்வது தவறு என்று வாதாடி வெளியேறி, நெல்லிக்குப்பம் பக்கத்தில் மேல்பட்டாம்பாக்கத்தில் வேலையைத் தொடங்கினார். 1860-களில் டென்மார்க்கின் மிஷன் சங்கம் அவரோடு கைகோத்தது. அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபை. பிரிவென்றாலே பிடிவாதம் என்பவர்கள் ஓக்ஸ் பாதிரியாரை நினைத்துப் பார்க்க வேண்டும். எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு.

'ஆற்காடு' என்று பெயர் கொண்ட இன்னொரு மிஷனும் உண்டு. குழப்பிக்கொள்ளாதீர்கள். அது அமெரிக்க ஆற்காடு மிஷன். 1853-இல் ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கியது. வேலூர், ராணிப்பேட்டை, ஆரணி, திண்டிவனம் அவர்கள் வட்டாரம். டச்சு வழிவந்த சீர்திருத்தச் சபை, மூப்பர் ஆட்சிதான். பெயர் வேறானாலும் பிரஸ்பிட்டேரியன்களுக்குப் பங்காளி. அந்தக் குடும்பத்துப் பெண்தான் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர். பிரசவ வேதனையில் தவித்த மூன்று பெண்களைப் பார்த்து அவர் மனம் மாறிய அந்த இரவு நடந்தது நம் பழைய தென் ஆற்காட்டுத் திண்டிவனத்தில்.

1918-இல் வேலூரில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தபோது பல மிஷன்கள் சேர்ந்து அதை நடத்தின. சென்னையில் 1915-இல் தொடங்கிய பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை வேறு வேறு ஆலயத்துக்குப் போகிறவர்கள் திங்கட்கிழமை ஒரே ஆஸ்பத்திரிக்குச் செலவைப் பகிர்ந்தார்கள். சபைகள் முழுதாகச் சேருவதற்கு முப்பது வருடம் முன்பே வரவு செலவு சேர்ந்துவிட்டது.

சபைகளின் இணைப்பும் படிப்படியாகத்தான் வந்தது. 1901-இல் ஆற்காடு மிஷன் சபைகளும் சென்னைப் பக்கத்து ஸ்காட்லாந்துச் சபைகளும் ஒரே சினாடின் கீழ் வந்தன. 1908-இல் அவர்களோடு மதுரை, திருவிதாங்கூர்ப் பக்கத்துக் காங்கிரிகேஷனல் சபைகள் சேர்ந்து 'தென்னிந்திய ஐக்கிய சபை' ஆயிற்று. எடின்பரோவில் யார் எதற்குப் பிரிந்தார்கள் என்ற வம்பு ஆரணியில் இருக்கிற விவசாயிக்கு எதற்கு? அதைத் துணிந்து எழுதியவர்கள் நம் ஊர்ப் போதகர்கள். 1919 மே மாதம் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினார்கள், இரண்டு பேர் தவிர எல்லோரும் இந்தியர்கள். இந்தப் பிரிவினைகளை நாங்கள் உண்டாக்கவில்லை, எங்கள்மேல் சுமத்தப்பட்டவை என்று அறிக்கை விட்டார்கள். முன்னின்றவர் திருநெல்வேலிச் சீமைக்காரரான பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா.

அறிக்கையிலிருந்து இணைப்புக்கு 28 வருடம் ஆயிற்று. அசரியா 1945 ஜனவரி 1 அன்று காலமானார், பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. 1947 செப்டம்பர் 27 அன்று, சுதந்திரம் வந்து ஆறு வாரத்தில், சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை மூன்றும் சேர்ந்து சி.எஸ்.ஐ. ஆயின.

தகராறு எதில் என்றால், பேராயர் இல்லாமல் சபையே இல்லை என்பார்கள் ஆங்கிலிக்கன்கள். பேராயர் என்ற சொல்லே ஆகாது பிரஸ்பிட்டேரியன்களுக்கு. எப்படித் தீர்த்தார்கள்? பேராயர் இருப்பார், ஆனால் பேரவை தேர்ந்து கொடுக்கும் பெயர்களிலிருந்து வருவார், சினாடுக்குக் கட்டுப்படுவார். ஏற்கெனவே போதகராக இருப்பவர்களை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள், மறுபடி அபிஷேகம் கிடையாது. ஒரு சபையின் நெடுநாள் வழக்கத்துக்கு மாறான ஆராதனையையோ, மனசாட்சி ஏற்காத போதகரையோ அதன்மேல் திணிக்க மாட்டோம் என்று எழுத்தில் உறுதி கொடுத்தார்கள். இரண்டு வகைப் போதகர்களும் கலந்து இருக்க 30 வருடம் தவணை. அதற்குள் பழைய தலைமுறை ஓய்வு பெற்றுவிடும், அப்போது உட்கார்ந்து முடிவு செய்யலாம் என்று விட்டார்கள். வயதானவரை இரவோடு இரவாக மாறு என்று யாரும் சொல்லவில்லை. காஞ்சிபுரத்தில் பணிசெய்த ஸ்காட்லாந்துப் பிரஸ்பிட்டேரியன் லெஸ்லி நியூபிகின் அன்றைக்கு மதுரை-ராமநாதபுரம் பேராயராக ஆனார், வயது 37. ஜான் நாக்ஸ் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

எல்லோரும் வந்துவிடவில்லை. ஆந்திராவில் நந்தியால் பகுதி ஆங்கிலிக்கன்களில் பலர் சேர மறுத்தார்கள். அந்தப் பேராயம் சி.எஸ்.ஐ.-இல் சேர்ந்தது 1975-இல். லுத்தரன்களோடு 1948-லிருந்து பேச்சுவார்த்தை நடந்தது, இணைப்பு வரவில்லை. நம் ஆற்காடு லுத்தரன் சபை இன்றும் தனிச் சபைதான். சி.எஸ்.ஐ.-க்குள்ளும் தேர்தல் சண்டை, சொத்து வழக்கு எல்லாம் பேப்பரில் வருகிறது. மூன்று குடும்பம் ஒரு வீட்டில் இருந்தால் வராதா?

நம் விஷயத்துக்கு வருகிறேன். தீர்மானத்தின் நகலைப் படித்தேன். 'பி' பிளாக்குக்குத் தனிச் சங்கம், தனி நிர்வாகிகள், தனி வங்கிக் கணக்கு என்று இருக்கிறது. போர்வெல்லும் சம்ப்பும் 'ஏ' பிளாக் பக்கம் இருக்கின்றன, ஜெனரேட்டர் 'பி' பிளாக் பக்கம் இருக்கிறது. இவற்றைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. கார்பஸ் ஃபண்ட் இரண்டு பிளாக்கும் சேர்ந்து போட்டது, ஃபிக்சட் டெபாசிட்டில் இருக்கிறது. அந்த ரசீதைப் பற்றியும் ஒரு வரி இல்லை. வாட்ச்மேன் மூன்று பேருக்கு யார் சம்பளம் கொடுப்பது? வாசல் கேட் யாருடையது? எதிர்த்து ஓட்டுப் போடுகிறவர்கள் எந்தச் சங்கத்தில் இருப்பார்கள்? இந்த ஐந்துக்கும் பதில் எழுதி, இரண்டு பிளாக்கிலும் தலா இரண்டு பேர் கையெழுத்திட்டு, பொதுக்குழுவுக்கு 15 நாள் முன்பு எல்லா வீட்டுக்கும் கொடுக்கும்படி செயலாளரிடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன். கணக்குப் பகுதியை எழுதித் தர நான் தயார். மாலை ஆறு மணிக்கு மேல் 'ஏ' பிளாக் தரைத் தளத்தில் இருப்பேன். எந்தப் பிளாக்கிலிருந்து வந்தாலும் சரி.